குல்மோஹர் இந்த வருஷம் வெளுத்திருக்கிறது

முர்பாட் பக்கம்,
2-3-2025

அன்புள்ள மாலதி அக்காவுக்குத் தம்பி சுடலைக்கண்ணன் எழுதுவது.

நான் வந்து சேர்ந்துவிட்டேன், சுகம்தான். உன் முழங்கால் வலி, அத்தானின் சர்க்கரை, ராணியின் சளி மூன்றும் எந்த மட்டில் இருக்கின்றன என்று முதலில் எழுது.

போனை ராணியிடம் விட்டுவந்தது நல்லதாகப் போயிற்று. இங்கே சிக்னலே கிடையாது. இரண்டு வார்த்தை பேசினால் இருமுகிறவனுக்குப் போன் எதற்கு? டெம்போ ஓட்டுகிற பைசான் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரிசி, பருப்பு கொண்டுவருவான். அவன் கையிலேயே கடிதமும் வரட்டும், போகட்டும்.

ராஜகுமார் அண்ணாச்சி 'ஃபார்ம் ஹவுஸ்' என்று சொன்னதைக் கேட்டு நாம் என்னவோ நினைத்துக்கொண்டோம். மாந்தோப்புக் காவல்காரனுக்காகக் கட்டிய ஒற்றை அறை அது. செங்கல் சுவர், தகரக் கூரை, ஒரு கதவு, ஒரு ஜன்னல், கூப்பிடு தூரத்தில் கிணறு. ஆனாலும் தாராவியில் நாம் ஆறு பேர் படுத்து வளர்ந்த அறையைவிடப் பெரிது. இருபத்தி இரண்டு வருஷம் அவர் பட்டறையில் தோலுக்குச் சாயம் சேர்த்து ஷேடு பார்த்தவனுக்கு டிபி வந்ததும், வேலையையும் எனக்கென்று பிடித்துவைத்து, தங்க இடமும் கொடுத்திருக்கிறார். வேறு முதலாளி என்றால் வாசலோடு அனுப்பியிருப்பான்.

திங்கட்கிழமைதோறும் வந்தனா என்ற சுகாதாரப் பணியாளர் ஸ்கூட்டியில் வந்து ஒரு வார மாத்திரையைக் கொடுத்துவிட்டு, போன வாரத்துக் காலி அட்டையைச் சரிபார்க்கிறாள். மராத்தியில் அவள் திட்டுவதும் சிரிப்பதும் ஒரே ராகத்தில் இருக்கிறது. பிரபாவதி மூன்றாம் மாசம் உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்ததும் மாத்திரையை விட்டாள். என் பெண்டாட்டி போனது அப்படித்தான். நான் ஒரு வேளைகூட விடமாட்டேன். டிசம்பர் நடுவில் தொடங்கினது, ஜூன் பதினாலோடு இருபத்தாறு வாரம் முடிகிறது.

இனி ராணிக்கு. அப்பா பார்க்கிறதையெல்லாம் எழுதணும், நான் அதைப் படம் வரைந்து கலர் அடிப்பேன் என்று சொன்னாளே, படித்துக் காட்டு. கதவைத் திறந்தால் எதிரே ஒரு புரச மரம். இலை ஒன்றுகூட இல்லை, மரம் முழுக்கப் பூ. வெறும் ஆரஞ்சு கிரேயானை எடுத்து அப்பிவிடக் கூடாது. அடியில் மஞ்சள் கொடுத்து, மேலே சிவப்பை லேசாக இழுக்கணும். காம்புப் பக்கம் கறுத்த பிரவுன். அப்பா பட்டறையில் டார்க் டான் என்று சொல்வேனே, அந்த ஷேடு. பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடிக்கிற கரிச்சான் கறுப்புத்தான், ஆனால் வெயில் பட்டால் நீலம் அடிக்கும். கறுப்பு முழுக்க அடித்துவிட்டு நீலத்தை முதுகில் மட்டும் தேய்க்கச் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளையை வேளைக்குத் தூங்க வை.

உன் தம்பி
சுடலைக்கண்ணன்


செம்பூர்,
16-3-2025

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். ராணிக்குச் சளி போய்விட்டது. என் முழங்கால் என்னோடுதான் போகும். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதை எழுதாமல் மரத்தையும் குருவியையும் எழுதியிருக்கிறாய்.

ராணிக்கு இங்கிலீஷ் ஸ்கூல் படிப்பு. தமிழை எழுத்துக் கூட்டுவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. நான் மாட்டுங்காவில் சுப்புலக்ஷ்மி மாமி வீட்டுச் சமையலை முடித்து வந்ததும் என் மடியில் சாய்ந்துகொண்டு, "அத்தை, இன்னொரு வாட்டி படி" என்று மூன்று தடவை படிக்க வைத்தாள். புரச மரத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். நீ சொன்ன டார்க் டான் கிரேயான் பெட்டியில் இல்லையாம். பிரவுனையும் கறுப்பையும் ஒன்றாகத் தேய்த்து அவளே செய்துவிட்டாள். உன் ரத்தம்தான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதுகிறேன். அத்தானைத் தப்பாக நினைக்காதே. இடுப்பு ஒடிந்து கிடக்கிற அவர் அம்மாவை ஊரிலிருந்து கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீடு தெரியும் அல்லவா, ஒரே அறை. கட்டில் போட்டபின் நடக்க இடமில்லை. நேற்று ராணியின் எதிரிலேயே சொன்னார்: "ஜூன் பதினாறு ஸ்கூல் தொறக்கு. அதுக்குள்ள ஒன் தம்பி வந்து பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போவட்டும். இல்லன்னா வள்ளியூர்ப் பக்கம் ஹாஸ்டல்ல சேத்துருவேன். வருஷத்துக்கு ஒருக்காப் போய்ப் பாத்துக்கிடலாம்." நான் சத்தம் போட்டேன். அவரும் போட்டார். ராணி கலர் அடிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி, "ஜூன் பதினாறுக்கு எத்தனை சண்டே இருக்கு?" என்று கேட்டாள்.

ஆகவே தம்பி, மாத்திரையை விடாதே. தேதி தப்பினால் என்னால் அவரைப் பிடித்து நிறுத்த முடியாது.

அன்புடன் அக்கா
மாலதி


முர்பாட் பக்கம்,
30-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. இருமல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. சளி டெஸ்டில் கிருமி இல்லை என்று வந்தனா திங்கட்கிழமை சொன்னாள். அத்தானிடம் தைரியமாகச் சொல். ஜூன் பதினாறு காலையில் ராணியை ஸ்கூல் கேட்டில் விடுகிறவன் நான்தான். ஹாஸ்டல் பேச்சை அவள் காதில் இனிப் போடாதீர்கள். தாயில்லாத பிள்ளை.

கிணற்றுக்குப் போகிற வழியில் ஆட்காட்டிக் குருவி முட்டை இட்டிருக்கிறது. கூடு என்று ஒன்றும் இல்லை, வெறும் தரையில் நாலு முட்டை. நாலு நாள் பக்கத்தில் நடந்தும் நான் பார்க்கவில்லை என்றால் பார்த்துக்கொள். இருபத்தி இரண்டு வருஷம் ஷேடு பார்த்தவனையே ஏமாற்றிவிட்டது. ராணிக்கு: முதலில் காக்கி, அதன்மேல் சாம்பல் திட்டு, அதன்மேல் கறுப்புப் புள்ளி. புள்ளியை வரிசையாக வைக்கக் கூடாது, மை கொட்டினதுபோல இருக்கணும். மதிய வெயிலில் தாயோ தகப்பனோ, எது என்று தெரியவில்லை, போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்காருகிறது. அதுதான் அவற்றுக்கு ஃபேன்.

தோப்பு எல்லையில் ஒரு மரம் துளிர் விட்டிருக்கிறது. குசும்ப் என்கிறாள் வந்தனா. துளிர் பச்சை இல்லை அக்கா, ரத்தச் சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் பூ என்றே நினைப்பாய். போன வருஷம் ஒரு பார்ட்டி, பர்ஸ் ஆர்டருக்கு செர்ரி ஷேடு கேட்டு மூன்று சாம்பிளைத் திருப்பி அனுப்பினானே, அவன் கேட்டது இதைத்தான். அடுத்த தடவை வந்தால் இந்த இலையைக் கையில் கொடுப்பேன்.

தாலுகா ஆஸ்பத்திரியில் மாசத்துக்கு ஒருமுறை கண் டெஸ்ட். அந்தப் பெரிய வெள்ளை மாத்திரை கால் நரம்பையும் கண் நரம்பையும் சில பேருக்குக் கெடுக்குமாம். "நிறம் மங்கினாலோ எழுத்து கலங்கினாலோ அன்றைக்கே சொல்லணும், மாத்திரையை நிறுத்திடுவோம், கண் திரும்பிடும்" என்றார் டாக்டர். நிறுத்தினால்? வேறு மருந்து, பதினெட்டு மாசமாம், அதுவரை இங்கேயேதான் கிடக்கணும். நமக்கு அந்தப் பேச்சே வேண்டாம். ஒரு புத்தகத்தில் நிறநிறமாகப் புள்ளி போட்டு நடுவில் எண்ணை ஒளித்துவைத்திருக்கிறார்கள். என்னிடமா! பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது, ஐந்து என்று அவர் பக்கம் திருப்புவதற்குள் சொல்லிக்கொண்டே போனேன். இரண்டு தடவை பார்த்ததில் வரிசை மனப்பாடமே ஆகிவிட்டது. நர்ஸ் கை தட்டிச் சிரித்தாள்.

ஒரு குயில் ஜாதி காலையிலிருந்து "அக்கா, அக்கா" என்று கத்துகிறது. ஒவ்வொரு தடவையும் சத்தம் ஏறிக்கொண்டே போய் முறிகிறது. நீ பதில் சொல்லாததால்தான் என்று நினைக்கிறேன். சீக்கிரம் எழுது.

தம்பி
சுடலைக்கண்ணன்


செம்பூர்,
13-4-2025

அன்புத் தம்பிக்கு,

நீ தேறி வருவது கேட்டு மனசு ஆறியது. இங்கே எல்லோருக்கும் சுகம். மாமியாருக்கு மட்டும் முதுகில் புண். வெயில் தாங்கவில்லை. ரிஃபைனரி வாசனை வேறு காற்றே இல்லாமல் அப்படியே நிற்கிறது.

முட்டைப் படம் முடிந்தது. நாலு முட்டைக்கு நாலு பெயர் வைத்திருக்கிறாள். ஒன்றுக்கு அவள் அம்மா பெயர். குஞ்சு வந்தால் உடனே எழுதச் சொன்னாள்.

ஹாஸ்டல் ஃபாரம் தபாலில் வந்தது. அத்தான் பூர்த்தி செய்து அலமாரி மேல் வைத்திருக்கிறார். சேர்த்துவிடவில்லை, வைத்திருக்கிறார். நீ வந்துவிட்டால் கிழித்துப்போடுவேன் என்று அவரே சொன்னார். அவர் வாயில் அந்த அளவுக்கு வந்ததே பெரிது.

கால் எரிச்சல் ஏதும் உண்டா? தேங்காய் எண்ணெய் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா
மாலதி


முர்பாட் பக்கம்,
27-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உள்ளங்காலில் கொஞ்சம் எரிச்சல் உண்டு, எண்ணெய் தேய்க்கிறேன். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுதவும்.

குஞ்சு வந்துவிட்டது என்று ராணியிடம் சொல். பொரித்த அன்றைக்கே எழுந்து ஓடுகிறது. ஒன்றைத்தான் பார்த்தேன். மற்ற மூன்றும் புல்லுக்குள் கத்துவது கேட்கிறது, கண்ணில் படவில்லை. கலர் எழுதச் சொன்னாளே. மண் கலர் என்று வைத்துக்கொள்ளட்டும்.

வெயில் ஏறிவிட்டது அக்கா. காலை ஒன்பது மணிக்கே கண் கூசுகிறது. வெயில் எல்லா நிறத்தையும் வெளுக்க வைத்துவிடுகிறது. அந்தச் செர்ரி ஷேடு குசும்ப் மரம்கூடச் சாதாரணமாகிவிட்டது. சாலை வளைவில் இரண்டு குல்மோஹர், ஊர்ப்பக்கம் மயில்கொன்றை என்பார்களே, நிற்கின்றன. பூத்துவிட்டது என்று வந்தனா சொன்னதால் மெனக்கெட்டு நடந்து போய்ப் பார்த்தேன். இந்த வருஷம் வெளுத்துத்தான் பூத்திருக்கிறது. தண்ணீரில் நனைந்த சாக்கு எப்படி இருக்கும், அந்த நிறம். மழை குறைவோ, மண்ணில் சத்து இல்லையோ. ராணி குல்மோஹர் வரைந்தால் பிரவுனும் சாம்பலும் எடுத்துக்கொள்ளட்டும். சிவப்பு வேண்டாம். நான் பார்த்ததைத்தானே எழுதணும்.

மா மரத்தில் காய் முற்றுகிறது. கையால் அமுக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். கிளி கொறித்துப் போட்ட காய் தகரத்தின் மேல் விழுகிற சத்தமும், பிஞ்சு விழுகிற சத்தமும் வேறு வேறு. அணில், மைனா, கிளி மூன்றில் எது கூரை மேல் நடக்கிறது என்று படுத்துக்கொண்டே சொல்லப் பழகிவிட்டேன்.

இனி மாங்காய்க் காலம், பைசான் வாராவாரம் வருவான். அடிக்கடி எழுது.

தம்பி
சுடலைக்கண்ணன்


செம்பூர்,
18-5-2025

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? நாங்கள் சுகம். மூன்று வாரமாக எழுத முடியவில்லை. மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்து எடுத்தோம். அத்தானுக்குக் காய்ச்சல். மாமி வீட்டில் விருந்தாளிகள். ஒன்று போனால் ஒன்று.

எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று நினைக்காதே. ராணி தானாகத் தமிழ் படிக்கட்டும் என்று பெரிதாக எழுதிப் பழகுகிறேன்.

குல்மோஹர் படம் வரைந்துவிட்டாள். நீ எழுதிய கலர்தான்.

கண் டெஸ்ட் நல்லபடி ஆயிற்றா?

இன்னும் நாலு வாரம்தான் தம்பி. யூனிஃபார்ம் எடுத்துவிட்டேன். பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பைசானை அனுப்புகிறேன்.

அக்கா
மாலதி


முர்பாட் பக்கம்,
28-5-2025

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு ஞாயிறு பைசான் வெறும் கையோடு வந்தான். உனக்கு என்னவோ என்று பயந்தேன். மாமியாருக்கு இப்போது எப்படி? அத்தானுக்குக் காய்ச்சல் விட்டதா?

கண் டெஸ்டில் முழு மார்க்.

இந்த வருஷம் மே முடிவதற்குள் மழை வந்துவிட்டது. அங்கேயும்தானே? வருவதற்கு ஒரு நாள் முன்னால் எறும்பு கட்டில் கால் வழியாக ஏறி என் கழுத்துவரை வந்தது. பிறகு காற்று நின்றது. தவளை ஒன்று கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிட்டது, வயல் பக்கம் ஒன்று பதில் சொன்னது, அதற்கப்புறம் தகரத்தில் மழை. முதல் மழையில் மண் வாசனை என்பார்கள். இங்கே முதலில் வருவது அழுகிய மாம்பழ வாசனை. அப்புறம் சுடு தகரம் நனைந்த வாசனை. மண் மூன்றாவதாகத்தான். களாக்காய் பழுத்திருக்கிறது. பழமா காயா என்று விரலில் உருட்டிப் பார்த்துப் பறிக்கிறேன். பால் பிசுபிசுத்தால் காய். இரண்டு தடவை தப்பி வாய் வெந்துபோயிற்று.

ஒன்று எழுத வேண்டும். ராணிக்குப் படிக்காதே. கிணற்றடியில் இன்னொரு ஜோடி ஆட்காட்டி முட்டை இட்டிருந்தது. வந்தனாதான் கையைப் பிடித்துக் காட்டினாள். சுற்றிக் கல் வைத்திருந்தேன். நேற்றுக் குடத்தோடு போகும்போது காலுக்கடியில் ஏதோ நொறுங்கிற்று. கல்லைத் தாண்டி மிதித்திருக்கிறேன். குனிந்து தடவினேன், ஈரமாக இருந்தது. அந்தக் குருவி என் தலைக்கு மேலே சாயங்காலம் வரை கத்திக்கொண்டே பறந்தது. நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டேன். அழுதேன் அக்கா. ஒரு குருவி முட்டைக்கு நாற்பது வயசு ஆம்பளை அழுதேன். ராணியிடம் எல்லாம் பொரித்துப் பறந்துவிட்டன என்று சொல்.

வரி கோணலாகப் போயிருந்தால் மன்னித்துக்கொள். பலகை சரியில்லை.

தம்பி
சுடலைக்கண்ணன்


செம்பூர்,
8-6-2025

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே. இங்கே எல்லோரும் சுகம்.

குருவிகள் பறந்துவிட்டன என்று ராணியிடம் சொல்லிவிட்டேன். முட்டை போனால் போகிறது. நீ பார்த்து நட. மழையில் வெளியே போகாதே.

15ஆம் தேதி பைசான் வருவான். பையைக் கட்டி வை. ராணி உனக்காகக் கதவருகே இடம் ஒதுக்கியிருக்கிறாள்.

இன்னும் ஆறே நாள். மாத்திரையை முடித்துவிடு.

அக்கா
மாலதி


முர்பாட் பக்கம்,
15-6-2025

அக்காவுக்கு,

பைசான் வெளியே டெம்போவில் காத்திருக்கிறான். ஒரு ஸ்கேலை வைத்து அதன் ஓரமாகப் பேனாவை நகர்த்தி எழுதுகிறேன். ஒரு வரி எழுதிக் கீழே நகர்த்துகிறேன். எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியாது.

டிபி போய்விட்டது. முழுசாகக் குணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை கடைசி கண் டெஸ்ட். டாக்டர் அன்றைக்கு அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பினார். நான் வழக்கம்போல் பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது என்றேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டார். மூடினதுகூட எனக்குத் தெரியவில்லை, சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. "எத்தனை மாசமா?" என்று கேட்டார். ஏப்ரல் நடுவிலிருந்து என்றேன். "அப்பவே சொல்லியிருந்தா பெரும்பாலும் திரும்பியிருக்கும். இனி இவ்வளவுதான்" என்றார். அவர் திட்டவில்லை. வந்தனாதான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதாள்.

நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஓரத்தில் நிழல் அசைகிறது. நிறம் என்பது முழுசாகப் போய்விட்டது. அண்ணாச்சிக்குச் சொல்லிவிடு, வேறு ஆளை வைத்துக்கொள்ளட்டும்.

நான் ஏன் மறைத்தேன் என்று உனக்குத் தெரியும். நிறுத்தினால் பதினெட்டு மாசம். ராணி ஹாஸ்டலுக்குப் போவாள். மாத்திரையை நடுவில் விட்டால் என்ன ஆகும் என்பதை என் கையாலேயே கொள்ளி வைத்துப் பார்த்தவன் நான். இரண்டு மாசம் கண் தாங்கும் என்று நினைத்தேன். கணக்குத் தப்பிவிட்டது. அது என் தப்பு.

ஆனால் அக்கா, உன் கடைசிக் கடிதத்தைப் படிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. வெயிலில் பிடித்து, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு எழுத்தாக. ஒரு பக்கத்துக்கு ஒன்பதே வரி. மே மாதமே நீ எழுத்தைப் பெரிதாக்கிவிட்டாய். ராணி படிக்க என்று எழுதியிருந்தாய். ராணி படிப்பது நான் எழுதுவதை அல்லவா? நீ எழுதுவது என்னிடம்தானே வருகிறது? அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது.

உனக்குத் தெரிந்திருக்கிறது. நீ ஏன் சொல்லவில்லை?

நான் வரவில்லை. அத்தான் வாசலில் வந்து தடவிக்கொண்டு நிற்க மாட்டேன். அண்ணாச்சி விரட்டுகிற வரை இங்கேயே இருக்கிறேன். கிணறு எத்தனை அடி என்று காலுக்குத் தெரியும். இனி எழுதாதே, என்னால் படிக்க முடியாது. இங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை.

ராணி நன்றாக இருக்கட்டும்.

சுடலைக்கண்ணன்


செம்பூர்,
21-6-2025

அன்புத் தம்பி சுடலைக்கண்ணனுக்கு அக்கா மாலதி எழுதுவது.

உன் சுகத்தை விசாரிக்க எனக்கு யோக்யதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். சாப்பிட்டாயா?

படிக்க முடியாது என்று எழுதிவிட்டாய். அதனால்தான் இதை எழுத எனக்குத் தைரியம் வந்தது.

ஏப்ரல் கடைசியில் உன் கடிதம் வந்த மறுநாள் ராணி குல்மோஹரைப் பிரவுனில் அடித்துக்கொண்டிருந்தாள். அரிசி மூட்டை எடுக்க வந்த பைசான் அதைப் பார்த்துச் சிரித்தான். "ஏ கியா ஹை பேட்டி? அங்க ரோடு முழுக்க லால், ஆக் லகா ஹுவா ஹை" என்றான். ரோடு முழுக்கச் சிவப்பு, தீப்பிடித்தாற்போல என்கிறான். ராணி என்னைப் பார்த்தாள். "அப்பா தப்பா எழுத மாட்டாங்க" என்றாள். உன் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்து டாக்டர் சொன்னதைத் திரும்பப் படித்தேன்.

அடுத்த நாள் மாட்டுங்காவில் மாமியிடம் கேட்டேன். மாமி முப்பது வருஷம் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். யாருக்கோ என்பதுபோலக் கேட்டேன். "கண் நரம்புடி மாலதி. இன்னிக்கே சொல்லச் சொல்லு. நாளைக்குன்னு வெச்சுக்காதே, ஒவ்வொரு நாளும் கணக்கு" என்றார். ஏப்ரல் இருபத்தொன்பது அது. அன்றைக்கே உனக்குக் கடிதம் எழுதினேன். உடனே டாக்டரிடம் போ, பதினெட்டு மாசம் ஆனாலும் ஆகட்டும் என்று எழுதினேன். நாலே வரி. அடுத்த ஞாயிறு பைசான் வந்து கேட்டான், இல்லை என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் இல்லை என்றேன். அரிசி டப்பாவுக்குள் இருந்தது. தினமும் அரிசி எடுக்கும்போது கையில் பட்டது. மூன்றாவது வாரம் அடுப்பில் போட்டேன்.

ஏன் என்று கேட்டாய். ராணிக்காக என்று எழுதிவிடலாம். ஊரும் ஒத்துக்கொள்ளும், நீயும் ஒத்துக்கொள்வாய். கொஞ்சம் உண்மையும்கூட. ஆனால் அது மட்டும் இல்லை தம்பி. மாமியார் கட்டிலில் மலம் அள்ளி, நாலு வீட்டுச் சமையல் செய்து, ராத்திரி அத்தானோடு உன் பிள்ளைக்காகச் சண்டை போட்டுப் போட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஜூன் பதினாறு எனக்கும் விடுதலை நாள். இன்னும் பதினெட்டு மாசம் என்னால் முடியாது. ஆறு வாரம்தானே, கண் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீயும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். ஆனால் கண் உன்னுடையது. நீ பணயம் வைக்கலாம். எனக்கு என்ன உரிமை?

சொல்லவும் மாட்டேன், ஆனால் எழுத்தை மட்டும் பெரிதாக எழுதுவேன். அதை இப்போது நினைத்தால் என் கையையே வெட்டிப்போடலாம் போல இருக்கிறது.

பைசான் போன ஞாயிறு வெறும் வண்டியோடு வந்தான். உன் கடிதத்தை ராணிக்குப் படித்துக் காட்டவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் என்றேன். அத்தானிடம் உண்மையைச் சொன்னேன். "கண்ணு தெரியாதவன் பிள்ளைய எப்பிடி வளப்பான்? யார யாரு பாத்துக்கிடுவா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அலமாரி மேலிருந்து ஃபாரத்தை எடுத்தார். இந்தத் தடவை நான் சண்டை போடவில்லை. எந்த வாயோடு போடுவேன்?

வியாழக்கிழமை தாதரில் ஏற்றிவிட்டோம். அத்தான் கூடப் போயிருக்கிறார். ராணி அழவில்லை. ஜன்னல் பக்கத்து சீட் கிடைத்ததா என்று பார்த்தாள். வண்டி நகரும்போது என்னைக் கூப்பிட்டு, "அப்பா லெட்டர் வந்தா அங்க அனுப்பு அத்தை. அங்க தமிழ்தான், நானே படிக்கக் கத்துக்கிடுதேன்" என்றாள். தலையாட்டினேன்.

நாளை ஞாயிறு. அத்தானின் தங்கை வந்து மாமியாரைப் பார்த்துக்கொள்கிறாள். பைசான் வண்டியில் நானும் ஏறுகிறேன். அங்கே தமிழ் படிக்க ஆள் இல்லை என்றாய். நான் வந்து உன் எதிரில் உட்கார்ந்து இதை முதலிலிருந்து படிக்கப் போகிறேன். நடுவில் எழுந்து போகச் சொன்னால் போகிறேன். ஆனால் படிக்கிற வரைக்கும் ஒரு வரியையும் விடமாட்டேன்.

உன் அக்கா
மாலதி